பின்பக்கம் பிடிக்க ஓர் ஆள்

காசிராஜன் ரட்சிக்கப்பட்ட நாளிலிருந்து விஜயராணிக்கு நிம்மதி போய்விட்டது.

குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவன் என்ன செய்வான் என்பது அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் எந்த முக்கில் விழுந்து கிடப்பான், எழுப்பினால் யாரை ஏசுவான், மறுநாள் காலையில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு டீ கேட்பான், எல்லாம் பாடம். இப்போது அப்படியில்லை. ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் தேவஇரக்கம் எதைப் பிரசங்கம் பண்ணினாலும் திங்கட்கிழமை அதைச் செய்து காட்டிவிடுவான். பொய் சொல்லக் கூடாது என்று பிரசங்கம் வந்த வாரம், தான் மிஷினில் உட்கார்ந்து பேக் தைக்கும் கார்கானாவுக்குப் போய் முதலாளி நஜிமுதீனிடம், "பாய், போன வருஷம் மாமனார் செத்துட்டாருன்னு லீவு கேட்டேன்லா? அவரு சாகல. நல்லாத்தான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு வந்தான். பாய் சிரித்துவிட்டார். ஊரிலிருந்து விஜயராணியின் அப்பாதான் போன் பண்ணி, "ஏட்டி, உன் மாப்பிள்ளைக்கு லீவு வேணும்னா சாகுததுக்கு நாந்தான் கிடைச்சனா?" என்று கேட்டார்.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் பாஸ்டர் வேறொன்றைப் பேசினார். தாராவி தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், ஒரு பிளாஸ்டிக் குடோனுக்கு மேலே, தகரக் கூரை போட்ட சபை. பழைய ஆளை அழுக்குச் சட்டை மாதிரிக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஆளை உடுத்திக்கொள்ள வேண்டும். கோபமும் பகையும் அந்தச் சட்டையோடு போய்விட வேண்டும். சபை என்றால் ஒரே வீடு, அதில் அந்த ஜாதி இந்த ஜாதி என்று கிடையாது, ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்க வேண்டும் என்றார். தகரத்தில் விழுந்த மழைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. காசிராஜனுக்கு அந்தப் பாதி போதும்.

திங்கட்கிழமை சாயங்காலம் விஜயராணி கிரைண்டரில் உளுந்தை ஓடவிட்டு ஓரத்து மாவைத் தள்ளிக்கொண்டிருந்தாள். இட்லி மாவு ஆட்டி அந்த வட்டாரத்துக் கடைகளுக்குப் போடுவது அவள் தொழில். மழைக்காலத்தில் மாவு சீக்கிரம் பொங்காது. பானையைச் சுற்றிச் சாக்கைப் போட்டு, போர்வையைப் போட்டு, பிள்ளையைப் போலப் பொத்தி வைக்க வேண்டும். அந்த ஒற்றை அறையில் கிரைண்டருக்கும் அடுப்புக்கும் மாவுப் பானைகளுக்கும் போக மிஞ்சிய தரையில்தான் அவளும் காசிராஜனும் படுப்பார்கள். ஏணி வைத்து ஏறும் மேல்தட்டில் கல்லூரிக்குப் போகும் மகள் ஷர்மிளா.

வாசலில் கைவண்டி வந்து நின்ற சத்தம். எட்டிப் பார்த்தாள். காசிராஜன் தொப்பலாக நனைந்து நின்றான். வண்டியில், நீல பிளாஸ்டிக் தாளுக்கு அடியில், தொடைவரைக்கும் மாவுக்கட்டு போட்ட ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. தாளை விலக்கியதும் வெயிலுமுத்துவின் முகம்.

விஜயராணி கிரைண்டரை அணைத்தாள்.

"இவன எதுக்குக் கொண்டாந்திருக்கிய?"

"டெம்போ இடிச்சுட்டுது போல. ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டு அனுப்பிட்டாவ. இருந்த ரூமையும் காலி பண்ணச் சொல்லிட்டானாம். பூட்டிக் கெடந்த ஒரு கடை வாசல்ல படுத்துக் கெடந்தான். சாக்கடைத் தண்ணி ஏறி வருது ராணி, கட்டெல்லாம் ஊறிப்போயிரும்."

"உங்க முன்பல்லு எங்க போச்சுன்னு மறந்துட்டியளா?"

அந்தத் தெருக் குழாயைத் தன் குழாய் மாதிரி ஆண்டுகொண்டு, தனக்குப் பிடித்தவர்களை முதலில் விட்டுக்கொண்டிருந்த காலத்தில் வெயிலுமுத்துதான் ஒரு நாள் குடத்தாலேயே காசிராஜனின் வாயில் இடித்தவன்.

"பல்லு போனது பழைய காசிராஜனுக்கு" என்றான் காசிராஜன்.

"அப்போ புது காசிராஜனுக்குப் பல்லு முளைச்சிட்டாக்கும்?"

வண்டியில் கிடந்தவன் தலையைத் தூக்கி, "மைனி, பேசுததை உள்ள வச்சிப் பேசுங்க. கண்ணுக்குள்ள தண்ணி விழுது" என்றான்.

அவனை வீதியில் போடச் சொல்ல விஜயராணியின் வாய் திறக்கத்தான் செய்தது. ஆனால் மழை அப்படிப் பெய்தது. சந்துக்குள் தண்ணீர் கணுக்கால் வரை ஏறியிருந்தது. "ஒரு நாளைக்கு" என்றாள்.

ஷர்மிளா மேலேயிருந்து குனிந்து பார்த்தாள். "மம்மி, யே கியா தமாஷா ஹை? என்ன கூத்து இது? நான் எங்க டிரெஸ் மாத்துறது?" புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ரூம் நஸீரா வீட்டுக்குப் போய்விட்டாள். ராத்திரி அங்கேயே படுக்கை. விஜயராணிக்கு முதலில் வந்த எரிச்சல் அதுதான். தன் வீட்டிலிருந்து தன் பிள்ளை வெளியே போக, ஊரான் உள்ளே படுத்திருக்கிறான்.

ஒரு நாள் என்றது நீண்டுகொண்டே போயிற்று. அவனுக்குச் சோறு போடுவது பெரிய பாடாக இல்லை. காலையில் அவனைக் கக்கூஸுக்குக் கொண்டுபோவதுதான் பாடு. காசிராஜன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டு வைத்திருந்தான். அதில் வெயிலுமுத்துவை உட்காரவைத்து, உடைந்த கால் எதிலும் இடிக்காதபடி பலகை கட்டி, பொதுக் கக்கூஸ் வரைக்கும் தூக்க வேண்டும். சந்தில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடியாது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். முன்பக்கம் காசிராஜன். பின்பக்கம் பிடிக்க விஜயராணியை விட்டால் ஆள் இல்லை.

குழாயில் தண்ணீர் வருகிற நேரமும் அதுதான். குடத்தோடு நிற்கிற பெண்கள் எல்லாம் பார்க்க, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு காலத்தில் அந்தக் குழாயை அதட்டி ஆண்டவனை அவள் சுமந்துகொண்டு போனாள். அவன் போகிற வழியெல்லாம் பேசுவான். "மைனி, இடதுபக்கம் சரியுது." "மைனி, கல்லு கெடக்கு, பாத்து." ஒரு நாள், "நேத்து சாம்பார்ல புளி தூக்கல்" என்றான்.

"இங்கயே எறக்கி வச்சிட்டுப் போயிருவேன் பாத்துக்கிடும்" என்றாள். காசிராஜன் முன்னாலிருந்து திரும்பி, "ஏசாத ராணி, சட்டையக் கழட்டிப் போட்டாச்சுலா" என்றான்.

"நீங்க கழட்டிட்டிய. தொவைக்குதது யாரு?"

அவள் பாஸ்டரிடம் போனாள். தேவஇரக்கம் நல்ல மனுஷர். முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணை மூடி, "கர்த்தர் உங்க வீட்டுக்குப் பெரிய ஊழியத்தைக் கொடுத்திருக்கார் சிஸ்டர்" என்றார்.

"எங்க வீட்டுல இடம் இல்லையே பாஸ்டர். சபை ஹாலு வாரம் பூரா பூட்டித்தான கெடக்கு? அங்க போடலாமா?"

கண் திறந்துவிட்டது. "அது... படி ரொம்பச் செங்குத்து. கமிட்டியிலயும் கேக்கணும். நான் பாரத்தோட ஜெபிக்கேன்."

பாரத்தோடு என்ற சொல்லைக் கேட்டதும் நாற்காலி தூக்கிப் பிடித்துக்கொண்ட முதுகு அவளுக்கு வலித்தது.

வெயிலுமுத்துவுக்கு இரத்த உறவென்று இருந்தது டோம்பிவிலியில் ஒரு தங்கை, ஆறுமுகத்தாய். அவனிடமிருந்து அந்த விலாசத்தைப் பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. விஜயராணி ஒரு மதியம், மாவைக் கடைகளுக்குப் போட்டுவிட்டு, சயானில் ஸ்லோ லோக்கல் பிடித்துப் போனாள். வழியெல்லாம் ஆறுமுகத்தாயிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். ரத்தம்தானே உங்களுக்கு, எங்களுக்கு யார் அவன், வந்து கூட்டிக்கொண்டு போங்கள்.

லிப்ட் இல்லாத கட்டிடத்தின் மேல்மாடி. ஆறுமுகத்தாய் உட்காரச் சொல்லி டீ கொடுத்தாள். அண்ணன் பெயரைக் கேட்டதும் முகம் ஒருமாதிரி ஆயிற்று.

"உசிரோட இருக்கானா?"

"இருக்காவ. கால்தான்..."

"எம் மவ நிச்சயதார்த்தத்துக்கு வந்தான் பாத்துக்கிடுங்க. குடிச்சிட்டு. சம்பந்தி வீட்டுக்காரவ எலையில உக்காந்திருக்காவ. சோத்துப் பாத்திரத்தைக் காலால எத்தி விட்டான். என்ன கோவம்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அந்தச் சம்பந்தம் அதோட போச்சு. எம் மவ ஒரு வருஷம் என்கூடப் பேசல. அவன எப்படிக்கா நான் இந்த வாசலுக்குள்ள விடுவேன்?"

விஜயராணி ஓட்டிப் பார்த்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் வாய்க்குள்ளேயே கிடந்தது. அதே இடத்தில் தான் இருந்தாலும் விடமாட்டோம் என்று தோன்றிய எரிச்சல் வேறு.

"நீங்க வேதக்காரவதான? உங்க சாமி இதத்தான சொல்லுது. வச்சிக்கிடுங்க" என்றாள் ஆறுமுகத்தாய். படியிறங்கியவளை மறுபடி கூப்பிட்டாள். "காலையில சாப்பிடுதானா?"

"எங்க! தட்டை வச்சா தள்ளி வச்சிருதாவ. மத்தியானம்தான் கை நனைக்காவ. எங்க வீட்டுச் சாப்பாடு எறங்கலையோ என்னமோ."

"திருநூறு குடுத்தியளா? காலையில நெத்தியில பூசாம பச்சத்தண்ணி பல்லுல படாது அவனுக்கு. பசி தாங்காமத்தான் மத்தியானம் தின்னுருப்பான். சின்னதுலயே எங்க அம்மை பழக்குனது. குடிச்சாலும் பூசிட்டுத்தான் குடிப்பான்." சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பி வரும் ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. அத்தனை நாளும் அவன் காலையில் பட்டினி கிடந்தது திமிரால் என்று நினைத்திருந்தாள். இதைக் கேட்டால் என்ன, வாய்தான் இருக்கிறதே, புளி தூக்கல் என்று சொல்லத் தெரிந்த வாய்க்கு இதைச் சொல்லத் தெரியாதா? வேதக்காரர் வீட்டில் இதைக் கேட்கக் கூடாது என்று அவனுக்கும் ஒரு மரியாதை இருந்திருக்கிறது என்று தோன்றியதும் எரிச்சல் இன்னும் கூடிற்று. ஏசுவதற்கு ஏற்ற மாதிரிகூட இருக்க மாட்டேன் என்கிறானே இந்த மனுஷன்.

தொண்ணூறடி ரோட்டில் பூஜைச் சாமான் கடையின் முன்னால் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு ஒரு திருநீற்றுப் பொட்டலம் வாங்கினாள். ஞானஸ்நானம் எடுத்த பிறகு அந்தக் கடைப் பக்கம் அவள் போனதில்லை. பொட்டலத்தைப் பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பினால் எதிரே ஞானசௌந்தரி. சபை மூப்பர் ஐயாத்துரையின் பெண்சாதி.

"ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்றாள் ஞானசௌந்தரி, கடையையும் பையையும் பார்த்துக்கொண்டே.

"ஸ்தோத்திரம்" என்றாள் விஜயராணி.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தை வெயிலுமுத்துவின் மடியில் எறிந்தாள். "காலையில பூசித் தொலையும். பூசிட்டு இட்லியத் தின்னும். எலும்பு கூடணுமா வேண்டாமா?"

அவன் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காசிராஜன்தான் மெதுவாக, "ராணி, நம்ம வீட்டுக்குள்ள இது..." என்று ஆரம்பித்தான்.

"நீங்க பேசவே பேசாதிய. ஆளக் கொண்டாந்தது நீங்க. ஆளு வந்தா அவன் நெத்தியும் கூடத்தான் வரும்."

மறுநாள் காலையில் வெயிலுமுத்து தட்டு நிறையத் தின்றான். தின்று முடித்து, சட்னியில் உப்பு கம்மி என்றான்.

அந்த வாரம் பெண்கள் ஜெபக் கூட்டம் ஞானசௌந்தரி வீட்டில். மார்பிள் தரை, இரண்டு ரூம், வீட்டுக்குள்ளேயே கக்கூஸ். அந்தச் சந்தில் அப்படி வீடு வேறு கிடையாது. பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. ஞானசௌந்தரி புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "நாம எல்லாரும் பழசை விட்டுட்டு வந்தவ. ஆனா நம்ம மத்தியிலயே ஒரு வீட்டுக்குள்ள பழைய காரியங்க திரும்பி நுழைஞ்சிருக்கு. பேரு சொல்ல நான் விரும்பல" என்றாள்.

பேர் சொல்லாததால் எல்லோரும் விஜயராணியைப் பார்த்தார்கள்.

"பேரச் சொல்லுங்க சிஸ்டர்" என்றாள் விஜயராணி. "என் பேருதான். திருநூறு வாங்குனேன். பொட்டலம் அடுப்பு மேல தட்டுல இருக்கு. சந்தேகம்னா வந்து பாருங்க."

"கோபப்படாதிய சிஸ்டர். ஆத்துமா மேல உள்ள அன்புலதான்..."

"ஆத்துமா கெடக்கட்டும் சிஸ்டர். அது தானே நடந்து போகும். கால் உடைஞ்சவன் எப்படிப் போவான்? தினம் காலையில அவன கக்கூஸுக்குத் தூக்கிட்டுப் போறது யாருன்னு தெரியுமா? முன்பக்கம் எங்க வீட்டுக்காரவ. பின்பக்கம் நானு. ஒரு பொம்பள. குழாயடியில அத்தன பேரு பாத்துட்டு நிக்காவ. அதுல நம்ம சபை ஆளு எத்தன பேரு! நீங்களுந்தான் பாத்திய. பாத்துட்டு, 'ஸ்தோத்திரம் சிஸ்டர்'னு சொல்லிட்டு வழி விட்டிய. வழி விடுததா ஒத்தாச?"

யாரோ பழக்க தோஷத்தில் "ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எம் பொண்ணு துலுக்க வீட்டுல படுக்கா. நஸீரா ஒரு வார்த்தை கேக்கல, பாய விரிச்சிப் போட்டா. போன ஞாயிறு எங்க வீட்டுக்காரவ எந்திச்சி சாட்சி சொன்னாவளே, பகையாளிய வீட்டுல சேத்துக்கிட்டேன்னு, எல்லாரும் கை தட்டுனிய. தட்டுன கையி எல்லாம் எங்க போச்சு? ஒரே வீடு, ஒரே வீடுங்கிய. ஒரே வீடுன்னா இந்த வீட்டுக்குள்ள இருக்க கக்கூஸும் எனக்குப் பாத்தியம்தான? நாளைக்குக் காலையில இங்க தூக்கிட்டு வரட்டா?"

ஞானசௌந்தரி மார்பிள் தரையைப் பார்த்தாள்.

"புது மனுஷன் புது மனுஷன்னு பாட்டாப் பாடுதிய. புது மனுஷனுக்கும் காலையில வயித்தக் கலக்கும்லா?" என்று சொல்லிவிட்டு விஜயராணி எழுந்து, வாசலில் கிடந்த செருப்பில் ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது வேறு யாருடையதோ என்று தெரிந்தது. திருப்பிக் கொடுக்கவும் போகவில்லை.

மறுநாள் யாரும் வரவில்லை. தான் சொன்னது சரியாகப் போயிற்று என்பதில் அவளுக்கு ஒரு கசப்பான திருப்தி. அதற்கு மறுநாள், விடிகிற நேரத்தில், மூப்பர் ஐயாத்துரை வாசலில் நின்றார். மளிகைக் கடைக்காரர். வெள்ளை வேட்டி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அன்று பழைய லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். முகம் கடுகடு என்று இருந்தது.

"என்ன அண்ணாச்சி?"

"என்னவா? வீட்டுல ராத்திரி பூரா தூங்க விடலம்மா அவ. ஒண்ணு அழுதா, இல்லன்னா என்னய ஏசுதா. எங்க அந்த நாற்காலி?"

பின்பக்கம் அவர் பிடித்தார். முதல் நாள் சந்து முக்கில் சுவரில் முழங்கையைத் தேய்த்துக்கொண்டார். வெயிலுமுத்து, "அண்ணாச்சி, மைனி பிடிச்சா இப்படி ஆடாது" என்றான்.

அப்புறம் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அதுவும் விஜயராணிக்கு நிம்மதியாக இல்லை. வந்தவரெல்லாம் ஒரு யோசனை சொன்னார்கள். ஒருவர் தூக்குவதற்கு முன்னால் ஜெபம் பண்ண வேண்டும் என்று ஆரம்பித்து முடிக்காமல் இழுத்ததில், வெயிலுமுத்து "ஐயா, ஆமென் சொல்லும், தாங்காது" என்று கத்த வேண்டியதாயிற்று. ஒரு சிஸ்டர் கோழிக் குழம்பு கொண்டுவந்து கொடுத்ததில் அவனுக்கு வயிறு போய், நாற்காலி அன்று ஓயவே இல்லை. ஞானசௌந்தரி ஷர்மிளாவைத் தன் வீட்டில் படுக்கச் சொன்னாள். ஷர்மிளா, "ஆன்ட்டி, நஸீரா மௌசி வீட்லயே டீக் ஹை, அங்கயே இருந்துக்கிடுதேன்" என்றாள். ஞானசௌந்தரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் மறுநாள் கொள்ளு ரசம் வைத்துக்கொண்டு வந்து, வெயிலுமுத்துவின் நெற்றியைப் பார்க்காத மாதிரிப் பார்த்துவிட்டு, தம்ளரை அவன் கையில் கொடுத்தாள்.

கட்டுப் பிரிக்க இன்னும் நாள் இருந்தபோது, வெயிலுமுத்துவே ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வருகிறேன் என்றான். காசிராஜனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. செங்குத்துப் படியில் நாற்காலியை ஏற்றினார்கள். நெற்றியில் பட்டையோடு அவன் வந்து உட்கார்ந்ததும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்களிடையே சலசலப்பு. பாஸ்டர் அதைப் பார்த்துவிட்டுப் பாட்டை உரக்க எடுத்துக்கொடுத்தார். சாட்சி நேரத்தில் காசிராஜன், "வெயிலுமுத்து ஒரு வார்த்தை சொல்லணும்ங்காவ" என்றான்.

எல்லோரும் எதிர்பார்ப்போடு திரும்பினார்கள். வெயிலுமுத்து நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்து நின்றான்.

"எனக்கு உங்கள மாதிரிப் பேச வராது. நான் சாமி மாறப் போறதும் இல்ல, முன்னாலயே சொல்லிருதேன். இவன் பல்ல ஒடைச்சவன் நானு. எதுக்கு ஒடைச்சேன்னு இவன் கேக்கல. எனக்கும் ஞாபகம் இல்ல. நெறைய எடத்துல கெடந்திருக்கேன். ஆஸ்பத்திரியில மரியாதையாத்தான் பேசுனாவ. கடை வாசல்ல கெடக்கும்போது பிஸ்கெட் போட்டவரும் 'சாப்புடுங்க'ன்னுதான் சொன்னாரு. இந்த மைனி என்னய ஒரு நாள் மரியாதையாப் பேசுனதில்ல. விடிஞ்சா ஏச்சு, அடைஞ்சா ஏச்சு. சோத்த வைக்கும்போது ஏசும், காலத் தொடைக்கும்போது ஏசும். எங்க அம்மை செத்த பெறகு என்னய யாரும் இப்படி ஏசினதே இல்ல. வீட்டு ஆளத்தான் இப்படி ஏசுவாவ. எனக்கு அது தெரியும்."

இதற்கு அல்லேலூயா சொல்வதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஞானசௌந்தரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று தெரியாமல். விஜயராணிக்குக் காது வரைக்கும் எரிந்தது. ஊரறிய ஏச்சுக்காரி என்று பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டானே.

"போதும், உக்காரும்!" என்று பெண்கள் பக்கமிருந்து கத்தினாள். "உடைஞ்ச கால வச்சிக்கிட்டு நின்னது போதும்!"

அவன் உட்கார்ந்தான். "ஆமென்" என்றது ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல்.

ஆராதனை முடிந்து இறக்கும்போது மழை வலுத்திருந்தது. படி வழுக்கிற்று. முன்னால் காசிராஜனும் இன்னொருவரும், பின்னால் ஐயாத்துரையும் பாஸ்டரும். படி திரும்புகிற இடத்தில் நாற்காலி சிக்கிக்கொண்டது. ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தார்கள். கீழே குடையோடு நின்ற விஜயராணிக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, நீங்க ஒரு படி பின்னால ஏறுங்க, முன்னால போறேன்னு இடிக்காதிய! அண்ணாச்சி, தலையக் குனியும், தகரம் வெட்டிரும்! பாஸ்டர், என்ன அது, ஒரு கையால வேட்டியப் பிடிச்சிக்கிட்டு ஒரு கையால ஆளத் தூக்குனா ஆளு நிப்பானா? வேட்டிய விடும்!"

பாஸ்டரை அந்தச் சபையில் யாரும் அப்படிப் பேசியதில்லை.

தேவஇரக்கம் கீழே பார்த்தார். படியின் கடைசியில் குடோன் சாக்கடை கறுப்பாக ஏறி நின்றது.

"சரிம்மா" என்றார். வேட்டியை விட்டுவிட்டு, நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினார்.